பிடிக்கணுமா, விடணுமா? ஃப்ரீரைடு ஸ்கீயின் 1300 வருஷக் கதை



2014-ல் நார்வேயில் டிகர்வார்டன் என்ற மலையில் பழைய பனித்திட்டு ஒன்று உருகிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த தொல்லியல் குழுவுக்கு மரத்தாலான ஒரு ஸ்கீ கிடைத்தது. வயது சுமார் 1300 வருஷம். ஆனால் ஒற்றை ஸ்கீ. செருப்பில் ஒன்று மட்டும் கிடைத்த மாதிரி. ஜோடி எங்கே? அந்தக் குழு விடவில்லை. வருஷா வருஷம் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். 2021-ல், முதல் ஸ்கீ கிடைத்த இடத்திலிருந்து ஐந்தே மீட்டர் தள்ளி, பனிக்குள்ளிருந்து இரண்டாவது ஸ்கீ வந்தது. நீளம் 187 சென்டிமீட்டர். அகலம் 17 சென்டிமீட்டர்.

இந்த இரண்டு நம்பரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 187 சென்டிமீட்டர் நீளமான ஸ்கீ இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. ஆனால் 17 சென்டிமீட்டர் அகலம்? இன்றைக்கு ஆழமான பனிக்காகவே செய்யப்படும் பெரிய ஸ்கீக்கள்கூட நடுவில் 12 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கின்றன. அதாவது, 1300 வருஷத்துக்கு முன்னாடி நார்வே மலையில் நடந்த யாரோ ஒருவருக்கு, அகலமாக இருந்தால்தான் பனியில் புதையாமல் மிதக்கலாம் என்று தெரிந்திருக்கிறது. நவீன ஸ்கீ கம்பெனிகளுக்கு அது மறுபடி புரிய 1980-களின் கடைசி வரை ஆனது.

அந்த ஸ்கீயில் இன்னொன்றும் இருந்தது. கால் வைக்கும் இடத்தில் முறுக்கிய பிர்ச் மரக் கயிறுகள், ஒரு தோல் வார், கட்டை ஒன்று. இதுதான் பைண்டிங். காலையும் ஸ்கீயையும் சேர்த்துக் கட்டும் பாகம். இதை வைத்து காலின் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், குதிகால் சும்மா மேலே எழும்பும். ஸ்கீயில் பழுது பார்த்த அடையாளங்களும் இருந்தன. தூக்கிப் போடாமல் சரிசெய்து சரிசெய்து ஓட்டியிருக்கிறார்கள்.

இன்றைய எபிசோட் இந்த இரண்டு விஷயத்தைப் பற்றித்தான். ஸ்கீ எவ்வளவு அகலம்? பைண்டிங் காலை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும்? ஃப்ரீரைடு என்று சொல்கிறோமே, மெஷின் வைத்துச் சமன் செய்த பாதையை விட்டு விலகி, இயற்கையாக விழுந்த பனியில் இறங்கும் பனிச்சறுக்கு, அதற்கு ஸ்கீ தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். முதல் கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் அன்றைய நாள் கெட்டுப்போகும். இரண்டாவதுக்குத் தப்பான பதில் சொன்னால் கால் போகும். சில சமயம் உயிரே போகும்.

குதிகாலைக் கட்டிய மனிதர்

பழைய காலத்து ஸ்கீ அடிப்படையில் ஒரு வாகனம். வேட்டைக்குப் போக, பக்கத்து ஊருக்குப் போக. கால் விரல் பக்கம் ஒரு வார் இருந்தால் போதும். ஆனால் இறக்கத்தில் திரும்ப வேண்டும் என்றால், கால் திரும்பினாலும் ஸ்கீ திரும்பாது. செருப்பு வார் அறுந்த மாதிரி கால் ஒரு பக்கம், ஸ்கீ ஒரு பக்கம்.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் சோன்ட்ரே நோர்ஹெய்ம். 1825-ல் பிறந்தவர். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற சின்ன ஊர். ஏழைக் குத்தகை விவசாயி. அவர் முறுக்கிய மரவேரை எடுத்துக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். குதிகால் மேலே எழும்பும், ஆனால் பக்கவாட்டில் நழுவாது. இப்போது ஸ்கீயோடு குதிக்கலாம், திருப்பலாம். கூடவே ஸ்கீயின் நடுப்பகுதியைக் கொஞ்சம் ஒல்லியாக்கினார். முன்னும் பின்னும் அகலம், நடுவில் இடுப்பு. சாய்த்தால் ஸ்கீ தானாகவே வளைந்து திரும்பும்.

1868-ல் தலைநகர் கிறிஸ்டியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், போட்டிக்கு வந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இளைஞர்களை எல்லாம் தோற்கடித்தார். இன்றைக்கு ஒலிம்பிக்கில் நாம் கேட்கும் 'ஸ்லாலம்' என்ற சொல்லும் அவருடைய டெலிமார்க் பக்கத்துப் பேச்சுமொழியிலிருந்து வந்ததுதான். சரிவு, தடம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை.

இந்தக் கதையின் கடைசிப் பகுதி கொஞ்சம் சோகம். பிழைப்புக்காக 1884-ல் அமெரிக்கா போனார். 1897-ல் வடக்கு டகோட்டாவில் இறந்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டின வரைக்கும் சமவெளி.

மலை மாறியது, கருவியும் மாறியது

நார்வேயின் மலைகள் பெரும்பாலும் உருண்டையானவை. ஆல்ப்ஸ் அப்படி இல்லை. செங்குத்து. பனி உருகி, மறுபடி உறைந்து, பாறை மாதிரி ஆகிவிடும். அங்கே நார்வே ஸ்கீயைக் கொண்டுபோனால் வழுக்கிக்கொண்டே போகும். 1890-களில் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் உலோகத்தால் ஒரு பைண்டிங் செய்தார். ஸ்கீயையும் குட்டையாக்கினார். 1926-ல் சால்ஸ்பர்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் ஸ்கீயின் ஓரத்தில் எஃகுத் தகடு பொருத்துவதற்குக் காப்புரிமை வாங்கினார். கத்தி மாதிரி விளிம்பு. கெட்டிப்பனியைக் கடித்துப் பிடிக்கும்.

அடுத்து வந்தது கேபிள் பைண்டிங். 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் சுவிட்சர்லாந்தின் கீடோ ரூஜ் செய்தது. இவர் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? சாவி கொடுத்தால் பாட்டுப் பாடும் இசைப்பெட்டிகள். ஸ்பிரிங் வேலை தெரிந்த குடும்பம். ஸ்பிரிங் வைத்த ஒரு கம்பி வடம் குதிகாலைச் சுற்றிவரும். பக்கவாட்டில் இருக்கும் கொக்கியில் மாட்டினால் குதிகால் கீழே அழுந்தி நிற்கும்.

அந்தப் பைண்டிங்குக்குப் பெயர் 'காந்தஹார்'. ஆமாம், ஆப்கானிஸ்தானில் இருக்கும் காந்தஹார்தான். பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் 1880-ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திப் போய்ப் பெயர் வாங்கியவர். அவர் பட்டத்திலேயே காந்தஹார் ஒட்டிக்கொண்டது. 1911-ல் சுவிஸ் மலையில் ஆங்கிலேயர்கள் நடத்திய ஒரு ஸ்கீ பந்தயத்துக்கு அவர் பெயரில் கோப்பை. கோப்பையிலிருந்து கிளப்புக்கு, கிளப்பிலிருந்து பந்தயத்துக்கு, கடைசியில் பைண்டிங்குக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. நமக்கு ஒரு கூடுதல் தகவல்: இதே ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி.

சரி, குதிகால் கட்டியாச்சு. வேகமா இறங்கலாம், துல்லியமா திரும்பலாம். ஆனா இப்ப ஒரு புதுப் பிரச்சினை வந்துச்சு. விழுந்தா?

கால் உடைந்த பிறகு வந்த யோசனை

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க காலில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு பலகை இறுகக் கட்டியிருக்கு. நீங்க ஒரு பக்கம் உருளுறீங்க, பலகை பனியில் குத்தி நிக்குது. அந்தப் பலகை ஒரு நெம்புகோல். முறுக்கு முழுவதும் எங்கே போகும்? முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்புக்குத்தான். கட்டு இறுக இறுக, எலும்பு முறிவும் கூடியது.

ஹ்யால்மர் வாம் என்பவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடியேறியவர். பெரிய பந்தய வீரர். 1937-ல் அவரே கால் உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவருக்கு ஒரு பைண்டிங்குக்கான யோசனை வந்தது. சாதாரணமாக ஓட்டும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு அளவுக்கு மேல் முறுக்கு வந்தால் தானாகவே விட்டுவிட வேண்டும். 1939-க்குள் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். முன்பக்கம் கழலும் முதல் பாதுகாப்பு பைண்டிங்குகளில் அது ஒன்று.

ஆனால் பெரும்பாலான வீரர்களுக்கு அது பிடிக்கவில்லை. காரணம் நியாயமானதுதான். வேகமாகப் போகும்போது காரணமே இல்லாமல் ஸ்கீ கழன்றுகொண்டால் அதுவும் விபத்துதானே? இதுதான் பைண்டிங்கின் நிரந்தரச் சிக்கல். விட வேண்டிய நேரத்தில் பிடித்தால் எலும்பு உடையும். பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டால் மலையிலிருந்து விழுவீர்கள். 1950-களில் பிரான்ஸின் ழான் பெய்ல், ஜெர்மனியின் ஹான்னஸ் மார்க்கர் போன்றவர்கள் செய்த வேலை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடுவதுதான். சின்ன அதிர்ச்சி வந்தால் பைண்டிங் கொஞ்சம் விலகிக் கொடுத்து மறுபடி நடுவுக்கே திரும்பி வர வேண்டும். உண்மையான ஆபத்து வந்தால் மட்டும் கழல வேண்டும்.

அந்தக் கோட்டுக்குப் பின்னாளில் ஒரு நம்பர் வந்தது. 'டின்' நம்பர் என்பார்கள். ஜெர்மன் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச் சுருக்கம் அது. உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடிப்பாக நீளம், எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டுவீர்கள், இந்த ஐந்தையும் வைத்து அட்டவணையில் பார்த்து ஸ்பிரிங்கைத் திருகி வைப்பார்கள்.

இது எவ்வளவு வேலை செய்தது? அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1972 முதல் பல பத்தாண்டுகள் ஒரே ஸ்கீ மையத்தில் காயங்களைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது பெரிய அளவில் குறைந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் கிழிவது கூடியது. பைண்டிங் எலும்பைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டது. முட்டியைக் காப்பாற்ற இன்னும் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது ஸ்கீ விளையாடப் போய் முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்திருந்தால், காரணம் இதுதான்.

பவுடர் என்ற பணக்காரப் பிரச்சினை

இனி ஸ்கீயின் அகலத்துக்கு வருவோம்.

1950-ல் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் அலுமினியத் தகட்டுக்கு நடுவே மரம் வைத்து ஸ்கீ செய்து விற்க ஆரம்பித்தார். இதே ஆள்தான் பிற்பாடு டென்னிஸ் மட்டையின் தலையையும் பெரிதாக்கியவர். உலோகம் வந்தது, பிறகு ஃபைபர் கிளாஸ் வந்தது. ஆனால் ஸ்கீயின் இடுப்பு மட்டும் ஒல்லியாகவே இருந்தது. 65 மில்லிமீட்டர் வாக்கில். பந்தயத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவர் ஸ்கீ மாதிரிதான் கடையில் விற்கும். பந்தயம் நடப்பதோ கெட்டிப்பனியில்.

1965-ல் ஹான்ஸ் க்மோஸர் என்ற மலை வழிகாட்டி கனடாவின் புகபூஸ் மலைகளில் ஹெலிகாப்டரில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிடும் தொழிலைத் தொடங்கினார். யாரும் மிதிக்காத பனி. இடுப்பளவு ஆழம். மாவு மாதிரி. அதனால்தான் 'பவுடர்'. வருகிறவர்கள் நிறையப் பணம் கட்டி வருகிறவர்கள். ஆனால் 65 மில்லிமீட்டர் ஸ்கீயில் பவுடரில் இறங்குவது சும்மா இல்லை. ஸ்கீ மூழ்கும், மூக்கு புதையும், ஆள் குப்புற விழுவார். விழுந்தால் எழுந்திருக்கவே பத்து நிமிஷம். மத்தியானத்துக்குள் தொடை வெந்துவிடும்.

இந்த நேரத்தில் வேறொரு பக்கம் ஸ்னோபோர்டு வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டு ஒல்லிப் பலகைக்குப் பதில் ஒரே அகலப் பலகை. நேற்றுக் கற்றுக்கொண்ட பையன் பவுடரில் மிதந்துகொண்டு போவதை, இருபது வருஷ அனுபவமுள்ள ஸ்கீக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

ஆஸ்திரியாவின் அட்டாமிக் கம்பெனியில் ரூபர்ட் ஹூபர் என்ற பொறியாளர் இருந்தார். 1988 வாக்கில் அவர் ஒரு ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார் என்று ஸ்கீ உலகத்தில் சொல்வார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'ஃபேட் பாய்' என்று செல்லப்பெயர் பெற்ற ஸ்கீ. இடுப்பு 100 மில்லிமீட்டருக்கும் மேலே. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். வயசானவர்களுக்கும் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் என்றார்கள். ஆனால் ஹெலிகாப்டர் கம்பெனிகள் வாங்கிக் குவித்தன. ஏனென்றால் வாடிக்கையாளர்கள் நாள் முழுக்க சந்தோஷமாக ஓட்டினார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. 180 சென்டிமீட்டர் நீளம், 6.5 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஒரு ஸ்கீயின் பரப்பு தோராயமாக 1170 சதுர சென்டிமீட்டர். அகலத்தை 11.5 ஆக்கினால் 2070. அதே ஆள், அதே எடை, ஆனால் தாங்குகிற பரப்பு ஒன்றே முக்கால் மடங்கு. டிகர்வார்டன் ஆளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, விஷயம் தெரியும்.

தண்ணீரைப் பார்த்து வரைந்த ஸ்கீ

அகலமாக்கியது பாதி வேலை. மீதிப் பாதியை முடித்தவர் ஷேன் மெக்காங்கி. 1969-ல் பிறந்தவர். கலிஃபோர்னியாவில் ஸ்குவா வேலி மலையில் ஓட்டிப் பெயர் எடுத்தவர். நகைச்சுவைக்காரர். அவர் கேட்ட கேள்வி இது: பவுடரில் ஸ்கீ என்ன செய்கிறது? மேலே ஓடுகிறதா, வெட்டிக்கொண்டு போகிறதா? பவுடர், நடத்தையில் தண்ணீர் மாதிரி. அப்படியென்றால் நமக்கு வேண்டியது கத்தி இல்லை, படகு.

சாதாரண ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில் மாதிரி மேலே தூக்கி நிற்கும். இதற்குக் கேம்பர் என்று பெயர். ஆள் ஏறி நின்றால் வில் அழுந்தி, விளிம்பு முழு நீளத்துக்கும் பனியைப் பிடிக்கும். கெட்டிப்பனிக்கு அருமையான வடிவம். பவுடரில் அதுவே வினை, மூக்கு உள்ளே போகும். மெக்காங்கி அதைத் தலைகீழாக்கினார். நடு கீழே, இரண்டு முனையும் மேலே. கட்டுமரத்தின் முன்பக்கம் எப்படித் தூக்கியிருக்கும், அப்படி. இடுப்பையும் தலைகீழாக்கினார். நடுவில்தான் அதிக அகலம், 125 மில்லிமீட்டர். 1990-களில் ஒரு பாரில் நாப்கினில் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு கம்பெனிகளிடம் பேசிப் பேசி, கடைசியில் வோலன்ட் என்ற கம்பெனி 2002-ஐ ஒட்டி அதைச் செய்து விற்றது. பெயர் 'ஸ்பேட்சுலா'. தோசைத் திருப்பி!

கெட்டிப்பனியில் அந்த ஸ்கீ பயங்கரமாக வழுக்கும். அது மெக்காங்கிக்கே தெரியும், ஒளிக்கவும் இல்லை. ஆனால் அந்தத் தூக்கிய முனை, இப்போது 'ராக்கர்' என்கிறார்களே, அது இன்றைக்கு ஏறக்குறைய எல்லா ஃப்ரீரைடு ஸ்கீயிலும் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் கேம்பர், முனைகளில் ராக்கர். கத்தியும் படகும் சேர்ந்த ஒரு சமரசம்.

அவர் முடிவு இந்த எபிசோடின் இரண்டாவது கேள்வியோடு சேர்ந்தது. ஸ்கீயில் மலைமுகட்டிலிருந்து குதித்து, காற்றில் ஸ்கீயைக் கழற்றிவிட்டு, விங்சூட்டில் பறந்து, பாராசூட்டில் இறங்குவது அவர் கடைசி வருஷங்களில் செய்த சாகசம். 2009 மார்ச் 26, இத்தாலியின் டோலமைட்ஸ் மலை. காற்றில் ஸ்கீ உரிய நேரத்தில் கழலவில்லை. அதை விடுவிக்க முயன்ற நொடிகளிலேயே உயரம் தீர்ந்துவிட்டது. வயது 39. மனைவியும் மூன்று வயது மகளும் இருந்தார்கள். அந்த வேலைக்காக உலகத்தில் எந்தப் பைண்டிங்கும் செய்யப்படவில்லை என்பது உண்மை. ஆனாலும், ஸ்கீயின் வடிவத்தையே மாற்றிய மனிதரின் உயிர், பிடிப்பதா விடுவதா என்ற அந்தப் பழைய கேள்வியில்தான் போனது.

ஏறுகிற பைண்டிங், இறங்குகிற பைண்டிங்

ஃப்ரீரைடில் இன்னொரு தொல்லை உண்டு. லிஃப்ட் இல்லாத மலைக்கு நீங்களேதான் ஏற வேண்டும். ஏறும்போது குதிகால் எழும்ப வேண்டும், இறங்கும்போது பூட்ட வேண்டும். 1980-களில் இன்ஸ்ப்ரூக்கைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் பார்ட்டல் கனமான சாமான்களோடு மோன் பிளாங்க் ஏறி நொந்துபோய், ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். பூட்டின் மூக்கில் இரண்டு பக்கமும் குழி. பைண்டிங்கில் இரண்டு ஊசி. பாக்குவெட்டி மாதிரி இரண்டு பக்கமும் வந்து கவ்வும். பூட்டே கீல் மாதிரி ஆடும். அலுமினியச் சட்டமோ தகடோ தேவையில்லை. எடை சில நூறு கிராம். சாதாரண இறக்கப் பைண்டிங் ஒன்று ஒரு கிலோ பக்கத்தில் வரும்.

ஆனால் ஊசி பைண்டிங்குக்கு ஒரு பலவீனம். அதிர்ச்சியைத் தாங்கி விலகி, மறுபடி நடுவுக்கு வரும் குணம் அதில் குறைவு. ஏறும்போது கழலாமல் இருக்க முன்பக்கம் ஒரு பூட்டு இருக்கும். அந்தப் பூட்டைப் போட்டபடியே இறங்கினால், விழுந்தால் கழலாது. செங்குத்தான இடத்தில் ஒரு ஸ்கீ போனாலே சாவு என்று நினைக்கிறவர்கள் வேண்டுமென்றே பூட்டிக்கொண்டு இறங்குவதுண்டு. பனிச்சரிவு வந்தால் அதே பூட்டு எமன். காலில் மாட்டிய ஸ்கீ நங்கூரம் மாதிரி ஆளைப் பனிக்குள் இழுத்துக்கொள்ளும்.

2007-ல் மார்க்கர் 'டியூக்' என்று சட்டம் வைத்த ஒரு கனமான பைண்டிங் கொண்டுவந்தது. முரட்டுத்தனமாக இறங்கலாம், ஏறவும் செய்யலாம், ஆனால் ஒவ்வொரு அடியிலும் அந்த எடையைத் தூக்க வேண்டும். 2018-ல் சாலமன் 'ஷிஃப்ட்' வந்தது. ஏறும்போது ஊசி, இறங்கும்போது ஒரு நெம்பைத் தட்டினால் சாதாரணப் பைண்டிங். பார்ட்டலும் வாமும் ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி.

அப்ப, எதை எடுக்கிறது?

இந்தியாவில் இதெல்லாம் நடைமுறையில் சந்திக்கிற இடம் குல்மார்க். 2005-ல் கண்டோலாவின் இரண்டாம் கட்டம் திறந்த பிறகு, கிட்டத்தட்ட 3950 மீட்டர் உயரத்துக்கு, அஃபர்வத் மலைத்தோளில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருந்து இறங்கும் சரிவுகள் பெரும்பாலும் சமன் செய்யப்படாதவை. ஒரே இறக்கத்தில் நாலு வகைப் பனி வரலாம். மேலே காற்று அடித்து இறுகியது. நடுவில், நிழல் பக்கம் பவுடர். வெயில் பக்கம் மேலே மெல்லிய ஓடு, மிதித்தால் உடைந்து கால் உள்ளே போகும். கீழே பலர் ஓட்டிக் கிளறியது. மார்ச் மாதத்தில், ராத்திரி உறைந்து பகலில் இளகிய குருணைப் பனி.

இந்த எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்கீ உண்டா? இல்லை. எந்தப் பனி உங்களுக்கு அதிகம் வரும் என்பதுதான் கேள்வி. அதை வைத்து இப்படிச் சொல்லலாம்.

கெட்டிப்பனியும் குருணையும்தான் அதிகம் என்றால் இடுப்பு 85 முதல் 95 மில்லிமீட்டர். எல்லாம் கலந்து வரும், ஒரே ஜோடிதான் கைவசம் என்றால் 95 முதல் 108 வரை, முன்முனையில் நல்ல ராக்கர், காலுக்குக் கீழே கேம்பர். பவுடருக்காகவே போகிறீர்கள் என்றால் 110-க்கு மேல். அகலத்துக்கு விலை உண்டு என்பதை மறக்காதீங்க. கெட்டிப்பனியில் அகல ஸ்கீயைச் சாய்க்க அதிக பலம் வேண்டும், அந்தச் சுமை முட்டியில் இறங்கும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. லேசான ஸ்கீ ஏறும்போது சொர்க்கம். ஆனால் கிளறிய பனியிலும் உடையும் ஓட்டிலும் அது அலைக்கழியும். கனமான ஸ்கீ அதையெல்லாம் உழுதுகொண்டு போகும். லிஃப்டில் ஏறுகிறவர்கள் கனத்துக்குப் பயப்பட வேண்டாம். நடந்து ஏறுகிறவர்கள் கிராம் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

பைண்டிங்கும் அதே கேள்விதான். லிஃப்டில் மட்டும் ஏறுவீர்கள் என்றால் சாதாரண இறக்கப் பைண்டிங் எடுங்க, பிடிப்பும் விடுவிப்பும் அதில்தான் ஒழுங்கு. பாதி நாள் ஏற்றம் என்றால் ஷிஃப்ட் மாதிரி கலப்பு வகை. பெரும்பாலும் ஏற்றம் என்றால் ஊசி. எதுவானாலும் உங்கள் பூட்டின் அடிப்பாகம் அந்தப் பைண்டிங்குக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆகணும். தட்டையான அடி, நடக்க வசதியான வளைந்த அடி, குழி வைத்த அடி என்று வகைகள் இருக்கின்றன. பொருந்தாத பூட்டை மாட்டினால் மேலே எழுதியிருக்கும் டின் நம்பருக்கு அர்த்தமே இல்லை. பிரேக்கின் அகலமும் ஸ்கீயின் இடுப்புக்குச் சரியாக இருக்க வேண்டும்.

பைண்டிங் வாங்கும்போது 13, 16, 18 என்று பெரிய நம்பர் போட்டிருப்பார்கள். அது அந்த ஸ்பிரிங்கின் உச்ச அளவு. உங்க நம்பர் இல்லை. சாதாரண உடல்வாகு உள்ள பெரியவர்கள் பலருக்கு அட்டவணை சொல்வது 5-லிருந்து 8-க்குள் வரும். நண்பன் 10 வைத்திருக்கிறான் என்பதற்காகத் திருகி ஏற்றாதீங்க. அந்தத் திருகாணியால்தான் உங்கள் எலும்பு தப்பிக்கிறது.

பாதையை விட்டு வெளியே போகிறவர்கள் தேடல் கருவி, குச்சி, மண்வாரி இந்த மூன்றும் இல்லாமல், அதைப் பயன்படுத்தத் தெரிந்த துணை இல்லாமல் போகக் கூடாது. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமல் கண்டோலாவில் ஏறக் கூடாது. எந்த ஸ்கீயும் பனிச்சரிவில் மிதக்காது.

வாடகைக் கடையில் ஸ்கீ எடுக்கும்போது, பெஞ்சுக்குப் பின்னாடி நிற்கிறவர் உங்க எடை என்ன, வயசு என்ன, எப்படி ஓட்டுவீங்க என்று கேட்பார். நம்மில் பலருக்கு எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்கிற பழக்கம் உண்டு. அந்த இடத்தில் வேண்டாம். வாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் யோசித்ததில் ஆரம்பித்து இத்தனை பேர் இத்தனை வருஷம் போட்ட கோடு, நீங்கள் சொல்லும் அந்த ஐந்து பதிலை நம்பித்தான் நிற்கிறது.

உண்மையைச் சொல்லுங்க, மாட்டிக்கோங்க, இறங்குங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.